ரஷ்ய டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து, எங்கள் வீட்டு அலமாரியில் நிற்கும் சமோவார் என்கிற ரஷ்ய வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அங்கே மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கேட்பது வேறு ரகம். இரண்டையும் சேர்த்து, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். வரலாறு வேண்டாம், வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேரே பாதிக்குக் கீழே போய்விடலாம்.

ரஷ்யாக்காரர்கள் டீ குடிப்பார்களா? நான் வோட்கா என்றல்லவா நினைத்தேன்!

வோட்கா விருந்துக்கும் விசேஷத்துக்கும். டீ தினமும், ஒரு நாளைக்குப் பல தடவை. காலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலைக்கு நடுவே, இரவு உணவு முடிந்தபின், 'பான்யா' என்கிற நீராவிக் குளியலிலிருந்து வெளியே வந்ததும் என்று நாள் முழுக்க ஓடும். வீட்டுக்கு யாராவது வந்தால், வந்தவர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கெட்டில் அடுப்பில் ஏறியிருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பது குறைவு. சாப்பாடு முடிந்தபின் டீயும் இனிப்பும் தனி அங்கமாக வரும். பேச்சு சூடுபிடிப்பது அப்போதுதான்.

நம்ம டீக்கும் அவங்க டீக்கும் என்னதான் வித்தியாசம்?

நாம் தூளைப் பாலிலோ தண்ணீரிலோ கொதிக்க வைத்து, வடிகட்டி, கிளாஸில் ஊற்றி முடித்துவிடுகிறோம். அவர்கள் இலையைக் கொதிக்க விடுவதில்லை. ஒரு சின்னப் பானையில் மிகக் கடுப்பாக ஊற வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் ஸவார்க்கா. வெந்நீர் தனியாக, தாராளமாக இருக்கும். கோப்பையில் கொஞ்சம் ஸவார்க்கா, மிச்சத்துக்கு வெந்நீர். வழக்கமாகப் பால் கிடையாது.

இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவருக்குக் கடுப்பாக வேண்டும், பாட்டிக்கு வெளிர் நிறத்தில் போதும், குழந்தைக்குப் பெயருக்கு ஒரு சொட்டு. எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்து கொடுத்துவிடலாம், புதிதாக ஒருவர் வந்தாலும் யாரும் அடுக்களைக்கு எழுந்து போக வேண்டியதில்லை. ரஷ்ய டீயின் பாத்திரம், பண்டம், முறை எல்லாமே 'மேசையை விட்டு யாரும் எழக் கூடாது' என்பதற்காகவே அமைந்தவை என்பது என் கணிப்பு. கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

ஸவார்க்கா என்றால் நம்ம காபி டிகாக்‌ஷன் மாதிரியா? எப்படிப் போடுவது?

யோசனை அதேதான். ஆனால் டிகாக்‌ஷன் மாதிரி மறுநாளுக்கு எடுத்து வைக்கும் சமாச்சாரம் இல்லை.

400 மில்லி பிடிக்கிற பீங்கான் டீ பானை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் வெந்நீர் ஊற்றி, சுழற்றி, கொட்டிவிடுங்கள். பானை சூடாக இருக்க வேண்டும். 10 முதல் 12 கிராம் இலைத் தேயிலை போடுங்கள், டீஸ்பூன் கணக்கில் ஐந்து ஆறு வரும். அப்போதுதான் கொதித்த தண்ணீரைப் பாதி ஊற்றி, மூடி, மேலே ஒரு துண்டு போட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். பிறகு மிச்சத் தண்ணீரையும் ஊற்றி இன்னும் நான்கு நிமிடம். மூடியைத் திறந்தால் மேலே பழுப்பு நுரை லேசாகப் படர்ந்திருக்கும். நன்றாக வந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே ரஷ்யப் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள்.

கோப்பையில் கால் பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு ஸவார்க்கா ஊற்றி, மேலே வெந்நீர் விடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பாக, அடி தெரிய வேண்டும். ஸவார்க்கா பானையை நேரே அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். கசந்து போய்விடும், அதைத் திருத்த வழியே இல்லை.

சமோவாரில்தானே டீ போடுவார்கள்?

இல்லை. அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். சமோவாரில் வெறும் தண்ணீர் மட்டும். அது வெந்நீர் கொதிக்க வைத்து, சூடு ஆறாமல் வைத்திருக்கும் பாத்திரம். நடுவில் செங்குத்தாக ஒரு குழாய் போகும். கரியோ பைன் காயோ விறகுச் சிராயோ அதில் எரியும். குழாயைச் சுற்றித் தண்ணீர், கீழே சாம்பல் விழச் சல்லடை, முன்பக்கம் ஒரு திருகு குழாய். உச்சியில் கிரீடம் மாதிரி ஒரு வளையம் இருக்கும். ஸவார்க்கா பானை உட்காருவது அதன்மேல்தான்.

நம்மூர்ப் பழைய டீக்கடைகளில் நடுவில் கரி போட்டுத் தண்ணீர் கொதிக்கும் செம்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. கேரளத்து டீக்கடைகளில் அதன் பெயரே சமோவார்தான்.

ரஷ்யாவில் சமோவாருக்கு ஊர் என்றால் மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் தூலா. யூரல் மலைப் பக்கம் அதற்கு முன்பே செய்திருக்கிறார்கள். ஆனாலும் 1778-ல் லிஸித்ஸின் சகோதரர்கள் தூலாவில் பட்டறை போட்டபின் தொழில் அங்கே வேரூன்றிவிட்டது. துப்பாக்கி செய்த ஊர் என்பதால் உலோக வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 'தூலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகாதே' என்று பழமொழி உண்டு. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்கிறோமே, அதே குத்தல். சமோவாருக்கென்றே அங்கே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

சமோவார் இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும். இன்று ரஷ்யாவிலேயே பெரும்பாலான வீடுகளில் மின்சார கெட்டில்தான். கெட்டிலும் பெரிய ஃபிளாஸ்க் இரண்டும் இருந்தால் போதும். மின்சார சமோவாரும் கிடைக்கிறது. 220 வோல்ட் என்பதால் நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒத்துவரும். உள்ளே சுருள் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சைப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் குளிரில் தேயிலை விளையாதே, அவர்களுக்கு டீ எப்படிப் போனது?

சீனாவிலிருந்து வடக்கு வழியாக, ஒட்டகத்தின் மேல் போனது. 1638-ல் மங்கோலிய ஆல்தின் கான், ரஷ்யத் தூதர் வசீலி ஸ்தார்க்கோவிடம் ஜார் மிகயீலுக்கென்று நான்கு பூடு, அதாவது ஏறத்தாழ 65 கிலோ தேயிலை கொடுத்தனுப்பினார். 'இந்தக் காய்ந்த இலைக்குப் பதில் நல்ல ரோமத் தோல் கொடுத்திருக்கலாமே' என்று தூதர் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். அரண்மனையில் அது பிடித்துப் போயிற்று.

1727-ல் கியாக்தா ஒப்பந்தம் கையெழுத்தானது. பைக்கால் ஏரிக்குத் தெற்கே, மங்கோலிய எல்லையில் இருக்கும் கியாக்தா என்ற சிற்றூர் அதற்குப் பிறகு தேயிலைச் சந்தையாகிவிட்டது. ரஷ்ய ரோமத் தோலும் துணியும் அந்தப் பக்கம், சீனத் தேயிலை இந்தப் பக்கம். அங்கிருந்து சைபீரியா வழியாக மாஸ்கோ வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். ஆகவே விலை எக்கச்சக்கம். முதல் நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு டீ பணக்காரர் பானம்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து கப்பலில் வருவது எளிதானது, பிறகு சைபீரிய ரயில் பாதையும் வந்தது. ஒட்டக வரிசைகள் நின்றுபோயின, விலை இறங்கியது, குடிசைக்கும் டீ வந்தது.

விளையவே விளையாது என்பதும் முழுக்க சரியில்லை. கருங்கடல் ஓரத்தில், சோச்சிக்குப் பக்கத்து மலைகளில் 1901-ல் நட்ட செடிகளிலிருந்து தொடங்கிய தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. கிராஸ்னதார் டீ என்று விற்கிறார்கள். அளவு கொஞ்சம்தான்.

'ரஷ்யன் கேரவன்' என்று ஒரு டீ விற்கிறதே, அதுதான் அசலா?

பெயரில்தான் ரஷ்யா. மேலே சொன்ன ஒட்டகப் பயணத்தில் இரவு மூட்டும் தீயின் புகை ஏறித் தேயிலைக்கு ஒரு மணம் வந்தது என்ற கதையை வைத்து, மேற்கத்திய வணிகர்கள் கலந்து விற்கும் சீனத் தேயிலை அது. புகை வாசம் பிடிக்குமென்றால் வாங்குங்கள். ரஷ்ய வீட்டு அலமாரியில் அதைத் தேடினால் கிடைப்பது கடினம்.

அப்படியானால் எந்தத் தூள் வாங்குவது? வீட்டில் இருக்கும் டஸ்ட் டீ சரிப்படுமா?

டஸ்ட் வேண்டாம். அது கொதிக்க வைத்துப் பால் ஊற்றுவதற்கென்று ஆனது. எட்டு நிமிடம் ஊறினால் நாக்கு வறண்டுவிடும், கோப்பையும் கலங்கலாக இருக்கும். முழு இலையாகச் சுருண்டிருக்கும் 'ஆர்த்தடாக்ஸ்' வகைத் தேயிலை கேளுங்கள். நீலகிரியில் நல்லது கிடைக்கிறது. இலங்கைத் தேயிலை இன்னும் பொருத்தம்.

இது நமக்காகச் செய்யும் சமரசம் என்று நினைக்காதீர்கள். சோவியத் காலத்தில் ரஷ்யர்கள் ஏங்கித் தேடியது யானைப் படம் போட்ட பொட்டலத்தில் வந்த 'இந்திய டீ'யை. அதில் ஜார்ஜியத் தேயிலையும் கலந்திருந்தது வேறு விஷயம். தென்னிந்தியத் தேயிலைக்கு சோவியத் ஒன்றியம் பெரிய வாடிக்கையாளர். 1991-ல் அது உடைந்ததன் அடி நீலகிரியின் சிறு விவசாயிகள் வரைக்கும் விழுந்தது. இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ரஷ்யா இன்றும் ஒன்று. 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா சில நாள் இறக்குமதியை நிறுத்தியபோது கொழும்பே பதறியது. மாஸ்கோக்காரர் கோப்பையில் மிதப்பது, பல நேரம் மலையகத் தமிழ்ப் பெண்கள் கொய்த கொழுந்துதான்.

ஜாமை டீயில் கலக்கிக் குடிப்பார்களாமே?

சிலர் செய்வார்கள். ஆனால் வழக்கம் அதுவல்ல. அவர்கள் ஜாம் நாம் ரொட்டியில் தடவுகிற கெட்டி ஜாம் மாதிரி இருக்காது. 'வரேன்யே' என்பது பழம் முழுசாகவோ பெரிய துண்டாகவோ பாகில் மிதக்கும் பண்டம். செர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் போன்ற சின்னச் சின்னப் பழங்கள், சில வீடுகளில் பச்சை வால்நட் கூட. கோடையில் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்க ஓடும்.

ஆளுக்கொரு குட்டிக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி வரேன்யே வைப்பார்கள். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, மேலே சர்க்கரையில்லாத சூடான டீயை ஒரு மடக்கு. இனிப்பும் துவர்ப்பும் வாயிலேதான் சேர வேண்டும், கோப்பையில் இல்லை. சளி பிடித்தால் மட்டும் ராஸ்பெர்ரி வரேன்யேயை டீயிலேயே கலந்து கொடுத்துப் போர்த்திப் படுக்க வைப்பார்கள்.

நம் ஊரில் செய்ய நெல்லிக்காய்த் தேனூறல், பாகில் போட்ட அன்னாசித் துண்டு இரண்டும் நன்றாகவே எடுபடுகின்றன. மாம்பழம் எனக்கு ஒத்துவரவில்லை, டீயின் வாசனையை அமுக்கிவிடுகிறது.

சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு குடிப்பது உண்மையா?

உண்மை. சர்க்கரை விலை உயர்ந்த காலத்தில் கூம்பு வடிவப் பெரும் கட்டியாக வரும். இடுக்கி மாதிரி ஒரு கருவியால் நறுக்கித் துண்டாக்குவார்கள். துண்டைக் கொஞ்சம் கடித்து வாயில் வைத்துக்கொண்டு, அதன் வழியாக டீயை உறிஞ்சினால் ஒரே கட்டியில் பல கோப்பை இறங்கும். கோப்பையில் போட்டுக் கலக்குவது வசதியுள்ளவர் பழக்கம். மூன்றாவது வகை ஒன்றைக் கேலியாகச் சொல்வார்கள்: மேசையில் இருக்கும் சர்க்கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே குடிப்பது!

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு கேள்வி, சாசரில் ஊற்றிக் குடிப்பது. அதுவும் இருந்தது, முக்கியமாக வணிகர் குடும்பங்களிலும் கிராமத்திலும். போரிஸ் குஸ்தோதியெவ் 1918-ல் தீட்டிய, டீ குடிக்கும் வணிகர் மனைவியின் ஓவியத்தைப் பாருங்கள். விரித்த விரல்களின் நுனியில் சாசரைத் தாங்கியிருப்பார், பக்கத்தில் சமோவார், தோளை உரசும் பூனை. பிரபுக்கள் வீட்டில் இதை நாகரிகக் குறைவாகப் பார்த்தார்கள். இன்று யாராவது சாசரில் ஊற்றினால் அது வயதான பாட்டியாக இருக்கும், அல்லது விளையாட்டுக்காக இருக்கும்.

எலுமிச்சை?

ஒரு மெல்லிய வட்டம், கோப்பையில். சாறு பிழிய வேண்டாம்.

பால் ஊற்றினால் கோபித்துக்கொள்வார்களா?

ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள். ரஷ்யா என்பது ரஷ்ய இனத்தார் மட்டுமே வாழும் நாடும் அல்ல. காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே கல்மீக்கியர்களும், பைக்கால் பக்கம் புர்யாத்தியர்களும் கட்டித் தேயிலையைப் பாலில் கொதிக்க வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுக் குடிக்கிறார்கள். தாத்தார் இனத்தார் வீட்டிலும் பால் டீ சகஜம். ஆக, 'ரஷ்ய டீயில் பால் இல்லை' என்று நான் முன்னே சொன்னதை மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் பக்கத்து வழக்கம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

டீயோடு என்ன பலகாரம் வைக்க வேண்டும்? எங்கள் வீட்டில் முட்டை கூட ஆகாது.

பயப்பட வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரமும் மற்ற நோன்பு நாட்களிலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கறி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. அதனால் நோன்புப் பலகாரம் என்று தனி வரிசையே அவர்களிடம் இருக்கிறது. சூரியகாந்தி விதை அல்வா (நம் அல்வா இல்லை, உதிர் உதிராக இருக்கும்), தேன், வரேன்யே, உலர் பழம், கொட்டைகள், தேனும் மசாலாவும் போட்ட நோன்பு 'ப்ரியானிக்' ரொட்டி. வளையம் வளையமாக, கடக்கென்று உடையும் 'ஸூஷ்கி'யை நூலில் கோத்து மாலையாக விற்பார்கள், சமோவாரின் கழுத்தில் தொங்கவிடுவதும் உண்டு. ஸூஷ்கியில் சில வகைகளுக்கு முட்டை சேர்ப்பார்கள், கடையில் வாங்கினால் அட்டையைப் படித்துவிடுங்கள். பஸ்தீலா, ஸெஃபீர் என்ற பழ மிட்டாய்கள் இரண்டிலும் முட்டை வெள்ளைக்கரு உண்டு, ஆகவே தவிர்த்துவிடுங்கள்.

காரமாகவும் ஒன்று வேண்டும். முட்டைக்கோஸையோ உருளைக்கிழங்கையோ வதக்கி உள்ளே வைத்துச் சுட்ட 'பிரோக்' தான் வழக்கம். ஈஸ்ட் போட்ட மாவில் செய்து, துண்டு போட்டு வைத்தால் மேசையில் முதலில் காலியாவது அதுதான். மிளகாய் போடும் ஆசை வரும். கொஞ்சம் மிளகுத்தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காரம் நாக்கில் நின்றால் டீ ருசிக்காது.

பத்துப் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது, எவ்வளவு வேண்டும்?

கணக்கு முதலில். ஆளுக்கு மூன்று கோப்பை என்று வையுங்கள், ரஷ்யக் கணக்குக்கு இது குறைவு. 200 மில்லி கோப்பை என்றால் மொத்தம் ஆறு லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஸவார்க்கா, அதாவது 1.2 லிட்டர். 400 மில்லி பானையில் மூன்று தடவை புதிதாகப் போட வேண்டும்; 35 கிராம் இலை செலவாகும். வெந்நீர் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஸவார்க்கா போடவும் பானை கழுவவும் சேர்த்து ஏழு லிட்டர் தயாராக இருக்கட்டும். மூன்று பானையையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள். முதல் பானை பாதி இறங்கும்போது அடுத்ததைப் போட்டால் எப்போதும் புதிதாக இருக்கும்.

மேசையில் விரிப்பு அவசியம், தட்டு ஒரே செட்டாக இருப்பது அவசியமில்லை. ஊற்றுபவர் ஒருவரே, பழைய வழக்கத்தில் வீட்டம்மா அல்லது மூத்த மகள். அவர் கைக்கு எட்டும் மூலையில் வெந்நீர், ஸவார்க்கா, காலிக் கோப்பைகள் மூன்றும் இருக்க வேண்டும். விருந்தினர் கோப்பையை அவர் பக்கம் நகர்த்துவார், 'கடுப்பாகவா, லேசாகவா?' என்று கேட்டு ஊற்றித் திருப்பிக் கொடுப்பார். ஒவ்வொரு கோப்பைக்கும் இப்படி ஒரு சின்னப் பேச்சு நடப்பதுதான் அந்த மேசையின் சுகம். தட்டில் பத்துக் கோப்பை நிரப்பி வரிசையாக நீட்டினால் அது கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

பண்டங்களை முதலிலேயே எல்லாம் மேசையில் பரப்பிவிடுங்கள். முதல் கோப்பையோடு பிரோக் மாதிரிக் காரமானது, இரண்டாவதோடு ப்ரியானிக், வரேன்யே. அதற்குமேல் யார் எதை எடுக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மாலை ஐந்தரைக்கு அழைத்தால் எட்டரை வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் எல்லாரும் டீவியைப் பார்த்த மாதிரி உட்காரும் பழக்கம் உண்டு. நாற்காலிகளை மேசையைச் சுற்றிப் போட்டு, டீவியை அணைத்துவிடுங்கள்.

மீந்த ஸவார்க்காவை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கலாமா?

கூடாது. கசப்பேறி, மேலே படலம் கட்டிவிடும். ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள்.

ரஷ்யத் தோழி 'சும்மா டீ குடிக்க வா' என்றாள். சும்மா என்றால் சும்மாவேதானா?

வெறுங்கையோடு போகக் கூடாது. டீக்கு ஏதாவது இனிப்பு வாங்கிப் போவது எழுதாத சட்டம்: ஒரு கேக், ஒரு சாக்லேட் பெட்டி, எதுவானாலும் சரி. பூ கொடுப்பதானால் ஒற்றைப்படை எண்ணிக்கையில். இரட்டைப்படை, சாவு வீட்டுக்கு. இதில் மட்டும் கவனம் வேண்டும், மற்றதையெல்லாம் வெளிநாட்டவர் என்று மன்னித்துவிடுவார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே போட்டுக்கொள்ள 'தாப்பச்கி' என்ற வீட்டுச் செருப்பு தருவார்கள், அதை மறுக்காதீர்கள். நிலைப்படியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை குலுக்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். உள்ளே வந்தபின் கொடுங்கள். அரை மணியில் எழுந்துவிடாதீர்கள். டீக்குக் கூப்பிட்டு, சூப்பிலிருந்து ஆரம்பித்து முழுச் சாப்பாடு போட்டுக் கடைசியில் டீ தருவதும் நடக்கும்; வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் உட்கார வைக்காமல் அடுக்களைக்கே அழைத்துப் போனால் சந்தோஷப்படுங்கள். நெருங்கியவர்களுக்குத்தான் அங்கே இடம்.

போதும் என்று எப்படிச் சொல்வது? ஊற்றிக்கொண்டே இருக்கிறார்களே!

பழைய நாளில் கோப்பையைச் சாசரில் கவிழ்த்து, மிச்சச் சர்க்கரைத் துண்டை அதன் முதுகில் வைத்தால் 'போதும்' என்று அர்த்தம். இன்று அப்படிச் செய்தால் சிரிப்பார்கள். நன்றி சொல்லி, கோப்பையில் ஒரு மடக்கை மீதம் விட்டுவிடுங்கள். காலிக் கோப்பையைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்காது.

ரயிலில் உலோகப் பிடி போட்ட கண்ணாடி கிளாஸில் டீ தருகிறார்களே, அது என்ன?

'பத்ஸ்தகான்னிக்'. கைப்பிடி இல்லாத கிளாஸைச் சுடாமல் பிடிக்க, அடி கனமான உலோகக் கூடு. ரயில் ஆடினாலும் சாயாது. ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் வெந்நீர் பாய்லர் இருக்கும். பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரிடம் கேட்டால் கிளாஸும் டீயும் தருவார். வெந்நீர் இலவசம். விடுதிக்கு ரயிலில் போகும் பிள்ளைகள் ஒரு பெரிய குவளையும் தேயிலைப் பொட்டலமும் பையில் வைத்துக்கொண்டால் வழி முழுக்கச் சமாளிக்கலாம். வீட்டு மேசைக்கு இந்தக் கூடு அழகுதான், ஆனால் வெறும் கையால் கிளாஸின் விளிம்பைத் தொட்டுவிடாதீர்கள்.

பழைய கரி சமோவார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பற்ற வைக்கலாமா?

பற்ற வைக்கும் முன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உட்புறம் வெள்ளி நிறத்தில் ஈயம் பூசியிருக்க வேண்டும். பித்தளை மஞ்சளாகத் தெரிந்தாலோ, பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ அது அலமாரிக்கு மட்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் ஆள் இன்னும் சில ஊர்களில் கிடைக்கிறார். உணவுப் பாத்திரத்துக்கான சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். வெளியே புளி போட்டுத் தேய்க்குமுன்னும் பாருங்கள்: பல சமோவார்களுக்கு நிக்கல் முலாம் இருக்கும், புளியும் சாம்பலும் அதைக் கெடுத்துவிடும்.

மூடிய வீட்டுக்குள் ஒருபோதும் பற்ற வைக்காதீர்கள். கரிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். ரஷ்யக் குடிசைகளில் சமோவாரின் புகைக்குழாயைக் கணப்பின் புகைப்போக்கியோடு இணைத்துவிடுவார்கள். நமக்கு மொட்டை மாடியோ தோட்டமோதான். ஃபிளாட்டின் மூடிய பால்கனியும் வேண்டாம்.

வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. தண்ணீர் இல்லாமல் எரிந்தால் பற்றவைப்பு ஈயம் உருகி மூட்டு விட்டுவிடும். எரியும் சிராயை நடுக் குழாயில் போட்டு, மேலே சிறு கரித் துண்டுகளைப் போட்டு, நீட்டுக் குழாயை மாட்டுங்கள். இழுப்பு நன்றாக இருக்கும். அந்தக் காலத்தில் பழைய தோல் பூட்ஸைத் தலைகீழாகக் குழாயில் கவிழ்த்து, துருத்தியாக அமுக்கி ஊதுவார்கள். இருபது முப்பது நிமிடத்தில் முதலில் மெல்லிய ரீங்காரம், பிறகு இரைச்சல், பிறகு கொந்தளிப்பு. இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது சின்னக் குமிழிகள் பொங்கித் தண்ணீர் பால் போல வெளுக்கும். டீ போடச் சரியான நேரம் அது, கொந்தளிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கரி கனன்றுகொண்டிருக்கும்வரை தண்ணீரை முழுக்க வடிக்கக் கூடாது. எல்லாம் ஆறியபின் கவிழ்த்துக் காய வையுங்கள்.

சீனாவிலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து வாங்குவது. இதை எப்படி 'ரஷ்யப் பாரம்பரியம்' என்கிறீர்கள்?

எதிர்ப்பு உள்ளேயே இருந்தது. பழைய சடங்குகளை விடாத கிறிஸ்தவப் பிரிவினர் பலர் டீயைப் பாவமென்று ஒதுக்கினார்கள். சீறும் சமோவாரில் அவர்களுக்குப் பாம்பு தெரிந்தது. அதற்கு முன் எல்லார் கையிலும் இருந்தது தேனும் மசாலாவும் காய்ச்சிய 'ஸ்பீத்தென்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலை குறைந்து டீ பரவியபோது ஸ்பீத்தென் மெல்ல ஒதுங்கியது. இலை வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கடுப்பாக ஊற வைத்து மேசையிலேயே நீர் கலப்பதும், தூலா சமோவாரும், வரேன்யேயும் அங்கே உருவானவை. மாஸ்கோவின் மியாஸ்னித்ஸ்கயா தெருவில் பெர்லோவ் என்ற தேயிலை வணிகரின் கடை இன்றும் டிராகனும் கோபுரமுமாக நிற்கிறது. 1896-ல் ஜார் முடிசூட்டு விழாவுக்கு வந்த சீனத் தூதர் லி ஹோங்சாங்கைக் கவர முகப்பையே சீன பாணிக்கு மாற்றினாராம். தூதரோ போட்டி வணிகரான இன்னொரு பெர்லோவ் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மாஸ்கோக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இன்னொன்று, இன்றைய ரஷ்யர் அலுவலகத்தில் குடிப்பது பெரிய மக்கில் டீ பேக்தான். மேலே எழுதியதெல்லாம் விருந்தாளி வரும் நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், கிராமத்து வீட்டுக்கும்.

ராத்திரி இவ்வளவு டீ குடித்தால் தூக்கம் வராதே?

ஏழு மணிக்கு மேல் ஸவார்க்கா பங்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். பத்துப் பேர் கணக்கில் மூன்றாவது பானையை லேசாகவே போடலாம். காஃபீனே வேண்டாம் என்றால் 'இவான் சாய்' இருக்கிறது. ஊதாப் பூ பூக்கும் ஒரு காட்டுச் செடியின் இலை. வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, உலர்த்துவார்கள். பீட்டர்ஸ்பர்க் பக்கத்து கப்போரியே ஊரில் நிறையச் செய்ததால் கப்போரியே டீ என்றும் பெயர். ஒரு காலத்தில் இதைச் சீனத் தேயிலையில் கலந்து ஏமாற்றி விற்றதால் அந்தக் கலப்படத்தை அரசு தடைசெய்தது. இப்போது அதுவே ஆரோக்கியப் பானமாக நல்ல விலைக்குப் போகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மருத்துவப் பெருமைகளை நம்ப வேண்டாம், ருசிக்காகக் குடியுங்கள்.

ஒரு கோப்பைக்கு ஒரு டீஸ்பூன், கொதிநீர், பத்து நிமிடம். இதற்கு ஸவார்க்கா முறை வேண்டாம், நேரே குடிக்கும் பதத்தில் போடுங்கள். அதே இலையில் இரண்டாவது தடவையும் ஊற்றலாம், கசக்காது.